கப்பலில் வந்த மோட்டாரும் கடையில் வாங்கிய மோட்டாரும்

1

பிழைக்க வெளியே போன நம் ஜில்லாக்காரர்களில் கையில் நாலு காசு சேர்ந்தவனுக்கு வரும் முதல் வியாதி மோட்டார். இரண்டாவது வியாதி, அந்த மோட்டாரை இருக்கிற இடத்திலேயே வாங்குவதா, ஊரிலிருந்து கப்பலில் வரவழைப்பதா என்ற சந்தேகம். இதற்கு வைத்தியம் கேட்டு என்னிடம்தான் வருகிறார்கள். இந்தப் பினாங்குத் தீவில் இரண்டையும் செய்து பார்த்த புத்திசாலி நான் ஒருவன்தான்.

போன ஆயுத பூஜைக்கு மறுநாள் பழைய இரும்பு வாங்கும் தரகர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஜப்பான் சண்டை முடிந்ததிலிருந்து இங்கே பழைய இரும்புக்குப் பெரிய மவுசு. கொல்லையில் ரம்புத்தான் மரத்தடியில் நிற்கும் எங்கள் வண்டியை இரண்டு தரம் சுற்றி வந்தார். சக்கரங்கள் பாதி மண்ணுக்குள் போய்விட்ட வண்டி அது. அதற்குத் தரை கிடையாது. கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தால் புல்லில்தான் நிற்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டிக்கு முதல் நாள் வைத்த சந்தனமும் குங்குமமும் போட்ட மாலையும் இன்னும் அப்படியே இருந்தன.

"ஓடுற வண்டிக்குப் பூசை போட்டுப் பாத்திருக்கேன். ஓடாத வண்டிக்குப் போட்டு இப்பத்தான் பாக்குறேன். என்ன விலைண்ணே சொல்றீங்க?" என்றார்.

கேட்டது என்னிடம். ஆனால் அந்த வண்டிக்கு விலை சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை. என் மனைவி காவேரி மிச்சமிருந்த பொரியை அவர் கையில் கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மகள் சரசுதான் அவருக்குப் பதில் சொன்னாள். அந்தப் பதில் உங்களுக்கு விளங்க வேண்டுமானால் வண்டி இங்கே வந்த கதையை முதலில் கேட்க வேண்டும்.

2

எனக்கு நல்லம்பள்ளி. காவேரிக்குப் பென்னாகரம். அவளுடைய அண்ணன் முனுசாமி தர்மபுரிக்கும் பென்னாகரத்துக்கும் மோட்டார் விட்டவர். அப்பா இல்லாத வீட்டில் அவர்தான் அண்ணனுக்கு அண்ணன், அப்பாவுக்கு அப்பா. தங்கையைக் கட்டிக் கொடுக்கும்போது என்னைப் பற்றி விசாரித்ததில், சேலத்தில் ஒரு மண்டியில் வேலை என்று அவருக்குச் சொன்னார்கள். பொய் இல்லை, அப்போது அங்கேதான் இருந்தேன். கல்யாணமான புதிதில் மண்டி முதலாளி, "பினாங்கில் நம் கடை இருக்கிறது, போகிறாயா?" என்று கேட்டார். எனக்குக் கசக்குமா?

மொரப்பூர் ஸ்டேஷனுக்கு மச்சான் வந்தார், வழியனுப்ப என்று நினைத்தோம்.

"கடலத் தாண்டிப் போறவளுக்கு இங்க அண்ணன் இல்ல. நெனப்புல வெச்சுக்க, காவேரி" என்றார்.

அவ்வளவுதான். ரயில் வருவதற்குள் திரும்பி நடந்தார். நடந்தவர் பாதியில் நின்று, திரும்பி வந்து, கையிலிருந்த கட்டுச்சோற்று மூட்டையை என் மடியில் திணித்துவிட்டு மறுபடியும் கோபமாக நடந்தார். புளிச்சோறு. காட்பாடி வரைக்கும் காவேரி அதைத் தொடவில்லை. அதற்கப்புறம் எனக்கு ஒரு வாய்கூட மிச்சம் வைக்கவில்லை.

3

சரசு இங்கே பிறந்தவள். பிறந்த செய்தியை எழுதினோம். மச்சானிடமிருந்து பதில் இல்லை. தவழ்ந்தாள் என்று எழுதினோம், பல் முளைத்தது என்று எழுதினோம். கல்லுக்கு எழுதியிருந்தால்கூட ஒரு தரமாவது அசைந்திருக்கும்.

குழந்தைக்குக் காது குத்த வேண்டிய வயது வந்தது, போனது. நம் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவோம். மாமன் சீர் கொண்டுவர வேண்டும். நாம் மாமனுக்குக் கோடி வேட்டியும் தலைக்குக் கட்ட உருமாலும் கொடுக்க வேண்டும். மாமன் கடலுக்கு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மடிக்கு எங்கே போவது?

தீவில் நம் ஜனங்கள் நல்லவர்கள், மடி தர நான் நீ என்று வந்தார்கள். ராசிபுரத்துக்காரர் ஒருவர், "நானும் சேலம் ஜில்லாதாம்மா, எம்மடியில ஒக்கார வெய்யி" என்றார். காவேரி அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

"கூடப் பொறந்தவன் உசுரோட இருக்கையில எரவல் மடியில எம்புள்ளய ஒக்கார வெய்க்க மாட்டனுங்க" என்றாள் என்னிடம்.

அந்த வருஷங்களில் எங்கள் நாள் இப்படிப் போகும். விடியற்காலை கடை திறப்பேன். மிளகாய், மல்லி, புளி. மலாய்க்காரப் பெண்கள் மீன் குழம்புக்குப் புளி வாங்க வருவார்கள். மத்தியானம் கன்னியாஸ்திரீகளின் பள்ளிக்கூடத்திலிருந்து சரசு வருவாள். "மக்கான் ஆச்சாப்பா?" என்று கேட்பாள். சாப்பாடு என்ற சொல்லை அவள் மறந்தே போனாள். ஒன்று இரண்டு எண்ணச் சொன்னால் சாத்து, டுவா என்று மலாயில் எண்ணுவாள். கூடப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் அவளை மூளிக்காது என்று கேலி செய்தார்கள். அவள் அதற்காக அழவில்லை. "சீனப் பிள்ளைங்களுக்கும் ஓட்டை இல்ல. நான் அவங்ககூட இருந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. காவேரிக்கு வரவில்லை. அன்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

4

இந்தச் சமயத்தில்தான் எனக்கு மோட்டார் வியாதி பிடித்தது. கடை நன்றாக நடந்தது. தீவின் மறுகோடியில் பாலிக் பூலாவ் பக்கம் சில்லறைக் கடைகளுக்குச் சரக்குப் போட வண்டி வேண்டும் என்பது வெளியில் சொன்ன காரணம். தண்ணீர்மலை முருகன் கோயில் தைப்பூசத்துக்கு மோட்டாரில் போய் இறங்க வேண்டும் என்பது உள்ளே இருந்த காரணம்.

எங்கள் தெருக்கோடியில் ஆ லிம் என்ற சீனர் பழைய மோட்டார்கள் விற்று வந்தார். தேநீர் கொடுப்பார், கதவைத் திறந்து காட்டுவார், பெட்டி போல ஒரு கறுப்பு வண்டியைத் தடவிக் கொடுத்தபடி என்னைப் பார்த்துச் சிரிப்பார். மனதில் நான் அதை வாங்கியே விட்டேன். வீட்டில் சொன்னேன்.

"ஊர்லருந்து வந்தவங்க சொன்னாங்க, எங்கண்ணங்கிட்ட ஒரு வண்டி சும்மா நிக்குதுங்க. பெரிய பஸ் வாங்கினப்பறம் அத ஓட்டறதில்லயாம்" என்றாள் காவேரி.

"உங்கண்ணனுக்குத்தான் தங்கச்சியே இல்லையே."

"தங்கச்சி இல்லாட்டி என்னாங்க, வாடிக்கக்காரர் இருக்கக் கூடாதா? யாவாரம் யாவாரந்தான?"

நான் எனக்குத் தெரிந்த நியாயமெல்லாம் சொன்னேன். இங்கே வாங்கினால் கண்ணால் பார்க்கலாம், கையால் தட்டலாம், ஒரு தெரு ஓட்டிப் பார்க்கலாம். கெட்டுப்போனால் விற்றவன் வாசலில் போய் நின்று சத்தம் போடலாம். கப்பலில் வந்தது கெட்டால் யார் வாசலில் நிற்பது, சமுத்திரராஜன் வாசலிலா? வண்டிக்கு ஒரு சாமான் வேண்டுமென்றால் இங்கே எதிர்க் கடையில் கிடைக்கும். அங்கேயிருந்து வரும் வண்டிக்குத் தர்மபுரிச் சந்தையில் தேட வேண்டும். இன்று என்னிடம் கேட்கிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். இதில் ஓர் எழுத்துகூடத் தப்பு கிடையாது.

காவேரி முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்க சொல்றது நாயந்தான். ஆனா வண்டின்னு ஒண்ணு வந்தா, அத எப்பிடிப் பாத்துக்கறதுன்னு அண்ணன் நாலு வார்த்த எழுதோணும். எழுத ஆரம்பிச்சான்னா நிறுத்த மாட்டான். வண்டி எப்பிடி ஓடுதுன்னு பாக்க ஒரு நா அவனே கப்பலேறிருவான். வந்தான்னா சரசுக்கு மடி கெடைச்சிரும்."

பெண்டாட்டி சொல்லில் புத்தி இல்லை என்று எனக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. மறுநாள் ஆ லிம் தேநீரோடு காத்திருந்தார். நான் எதிர்ப்பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டு போனேன்.

5

வண்டியை விலைக்குக் கேட்டு எழுதினேன். மச்சானிடமிருந்து பதில் வந்தது. "பினாங்கு மளிகை வியாபாரி அவர்களுக்கு" என்று ஆரம்பித்து, வண்டி இருக்கிறது, நல்ல வண்டி, அனுப்பப்படும் என்று முடித்திருந்தார். சேமமா என்று ஒரு வார்த்தை இல்லை. காவேரி அதைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். "கையெழுத்து மாறவே இல்லீங்க" என்று சந்தோஷப்பட்டாள்.

மோட்டாரைக் கப்பலில் ஏற்றுவதைவிட யானையை ஏற்றுவது சுலபம் என்று நினைக்கிறேன். யானையிடம் நீ யாருடைய யானை என்று இத்தனை பேர் கேட்க மாட்டார்கள். சென்னைப் பட்டணத்துத் துறைமுகத்தில் ஒரு கையெழுத்து, இங்கே ஒரு கையெழுத்து, அந்தக் கையெழுத்து சரிதான் என்பதற்கு இன்னொரு கையெழுத்து. பெட்ரோல் துளி இருக்கக் கூடாது, பாட்டரியைக் கழற்ற வேண்டும், மரப்பெட்டியில் அடைக்க வேண்டும். கப்பல் ஏஜண்டு ஆபீஸ் குமாஸ்தா, விற்கிறவர் உங்களுக்குச் சொந்தமா என்று கேட்டார். "சொந்தம்தான். ஆனால் இப்போதைக்கு இல்லை" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அந்தப் பக்கத்தில் நடந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. பென்னாகரம் போய் வந்த ஒருவர் சொன்னார். மச்சான் வண்டியைத் தானே மொரப்பூர் வரை ஓட்டி வந்திருக்கிறார். கூட்ஸ் ஷெட்டில் தச்சர் மரப்பெட்டி அடித்து, வண்டியை உள்ளே தள்ளி, கடைசிப் பலகைக்கு ஆணியை வைத்துவிட்டார்.

"நிறுத்துப்பா" என்றாராம் மச்சான். "பொண்ணு வூட்டுக்குப் போற சாமான வெறுமையாவா அனுப்பறது?"

"கடக்காரருக்கு வித்த வண்டின்னு சொன்னீங்களேங்க."

"வித்தா என்ன? போற எடம் எது?"

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். கட்டிக் கொடுத்த பெண் வீட்டுக்கு ஒரு சொம்பைத் திருப்பிக் கொடுத்தாலும் பிடி அரிசி போட்டுத்தான் கொடுப்போம். தங்கை இல்லை என்று சொன்ன மனிதரால் காலிச் சொம்பு அனுப்ப முடியவில்லை. சொம்பு கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

பங்குனி மாசம், புதுப்புளி வந்து குவியும் காலம். உப்புப் போட்டு மிதித்த புளியை மூட்டை மூட்டையாக வரவழைத்து, பின் சீட்டு, முன் சீட்டு, கால் வைக்கிற இடம், எஞ்சினைச் சுற்றிய சந்து பொந்து என்று ஒரு விரற்கடை விடாமல் அடைத்திருக்கிறார். புளி வியாபாரி வீட்டுக்குப் புளி! திருப்பதிக்கே லட்டு அனுப்பிய மகான் அவர்.

6

பெட்டி சித்திரை முழுவதும் பட்டணத்துத் துறைமுகத்தில் வெயிலில் கிடந்தது. கப்பலில் இடமில்லையாம். சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் உப்பும் புளியும் இருந்தால் என்ன ஆகும் என்று எந்தச் சமையற்காரியும் சொல்லுவாள். நடுவே ஒரு கோடை மழையும் பெய்திருக்கிறது. அப்புறம் கடற்காற்று.

வைகாசியில் இங்கே துறைமுகக் கொட்டகையில் பெட்டியைத் திறந்தார்கள். நானும் காவேரியும் சரசுவும் புதுத்துணி கட்டிக்கொண்டு போயிருந்தோம். பலகை விலகியதும் அடித்த வாசனையில் கூலிகள் நாக்கைச் சப்புக் கொட்டினார்கள். துறைமுகக் குமாஸ்தா யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பான மனிதர். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"என்ன காணும் இது? காகிதத்தில கார் எண்டு கிடக்கு. உள்ளுக்குப் புளியெல்லோ கிடக்கு?"

"கார் அதுக்குள்ளே இருக்குங்க" என்றேன்.

"காருக்குள்ள புளியோ, புளிக்குள்ள காரோ? அதைச் சொல்லும் முதல்ல."

இதற்கு விடை காண ஒரு சுகாதார அதிகாரி வந்தார், அவருக்கு மேல் ஒருவர் வந்தார். நாள் முழுவதும் புளியை அள்ளினோம். சீட்டெல்லாம் ஊறிப்போய்க் கறுத்திருந்தது. தரைத் தகட்டைக் கூலி ஒருவர் மிதித்தார், கால் மறுபக்கம் போய்விட்டது. உப்பும் புளியும் இரும்பைத் தின்றே விட்டன. ஆனால் பித்தளை விளக்கு இரண்டும் தங்கம்போலப் பளபளவென்று மின்னின. புளி வேறு என்ன செய்யும்?

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மச்சானை, கப்பலை, புளியை, கடைசியில் பென்னாகரத்தையே திட்டினேன். காவேரி ஒன்றும் காதில் வாங்கவில்லை. ஸ்டியரிங் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் மஞ்சள் துணி சுற்றி, ஒரு பச்சை மஞ்சள் கொத்து கட்டியிருந்தது. பெட்டிக்குள் இருந்த ஈரத்தில் அது முளைவிட்டிருந்தது.

"கடக்காரனுக்கு விக்கிற வண்டிக்கு யாராச்சும் மஞ்சக் கட்டுவாங்களா?" என்று கேட்டாள். அப்புறம் அத்தனை கூலிகளுக்கும் நடுவில் உரக்க அழுதாள்.

வண்டி கிளம்பவில்லை. எஞ்சினைப் பார்த்த சீன மெக்கானிக் முகத்தைச் சுளித்துக்கொண்டு மூடிவிட்டார். நம் ஆட்களில் ஒருவருடைய மாட்டு வண்டியிலிருந்து காளைகளை அவிழ்த்து மோட்டாரில் கட்டினோம். கடல் தாண்டி வந்த மோட்டாரைக் காளைகள் இழுக்க, காவேரி முன்சீட்டில் காலைத் தூக்கி மடித்து நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, நான் பக்கத்தில் நடந்து வந்தேன். ஆ லிம் கடை வாசலில் நின்று பார்த்தார். சிரிக்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

7

காவேரி எழுதினாள். வண்டியும் புளியும் வந்து சேர்ந்தன, சரசுவுக்குக் காது குத்த வேண்டும், அண்ணன் வர வேண்டும் என்று எழுதினாள். வண்டி போன கதியைப் பற்றி மூச்சு விடவில்லை. மச்சான் பதில் போட்டார். இந்தத் தரம் "காவேரிக்கு" என்றே ஆரம்பித்திருந்தார். புளி நன்றாக இருக்கிறதா, புழு வைக்காமல் வெயிலில் காட்டு என்று நிறைய எழுதியிருந்தார். கடைசியில், எனக்குக் கடல் என்றால் பயம், சின்ன வயசிலிருந்தே தண்ணீர் என்றால் பயம், ஒகேனக்கல்லில் பரிசல்கூட ஏறினதில்லை என்று உனக்குத் தெரியுமே என்று எழுதியிருந்தார்.

இத்தனை வருஷமும் கோபம் என்று நாங்கள் நினைத்ததில் பாதி பயம். தங்கையை அந்தத் தண்ணீரின் மேல் அனுப்பப் பயம்.

காவேரி மறுநாள் என்னை நல்ல நாள் பார்த்து வரச் சொன்னாள்.

"மடி?" என்றேன்.

"வந்து நிக்குதே, தெரியலீங்களா?" என்று கொல்லையைக் காட்டினாள்.

பட்டணத்துத் தெருவில் சொன்னால் சிரிப்பார்கள். அன்று வந்தவர்களில் யாரும் சிரிக்கவில்லை. சீட்டின் மேல் கோடி வேட்டியை விரித்தாள். ஸ்டியரிங் சக்கரத்துக்கு உருமால் கட்டினாள். புளியைத் தட்டுத் தட்டாக வைத்து, மாமன் சீர் என்று சபையில் காட்டினாள். ராசிபுரத்துக்காரர் முன்னால் நின்று, "சீரு கொறைவில்லீங்க, ஊருக்கே ஆவும்" என்று சாட்சி சொன்னார். சரசு மொட்டைக்கு மட்டும் மாட்டேன் என்றாள். நாலு மயிரைக் கத்தரித்துப் பூமுடி எடுத்ததோடு விட்டோம். சரசு அந்தச் சீட்டில் உட்கார, காது குத்தும் பத்தர் வண்டிக்குள் ஏறினார். தரையில்லாததால் ஏறியும் கீழேதான் நின்றார். அவருக்கு அது கைக்கு வாட்டமாகவே இருந்தது.

ஊசி இறங்கியதும் சரசு வீலென்று கத்தி, கைக்குக் கிடைத்ததைப் பிடித்து அமுக்கினாள். அது ஹாரன் பந்து. விளக்கு இரண்டையும் விட்டால் அந்த வண்டியில் கெடாமல் வந்த ஒரே சாமான். பாம் என்று அது போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்காயெல்லாம் பறந்தன.

"பாத்தீங்களா, எங்கண்ணன் சத்தத்த! மருமவள அழவெச்சா சும்மா இருப்பானா?" என்றாள் காவேரி. கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள்.

8

அடுத்த வாரமே ஆ லிம்மிடம் கறுப்புப் பெட்டி வண்டியை வாங்கினேன். நன்றாக ஓடியது. பாலிக் பூலாவ் போனது, தைப்பூசத்துக்குப் போய் இறங்கினேன். ஜப்பான்காரன் வந்தபோது தெருவிலிருந்த மோட்டார்களையெல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள். என்னுடையதையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். கொல்லைக்கும் ஒரு சிப்பாய் வந்தான். மச்சான் வண்டியின் கதவைத் திறந்தான், கீழே புல்லைப் பார்த்தான், மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான். ஓடின வண்டி ஓடிப்போயிற்று. ஓடாதது நின்றது.

சண்டை வருவதற்கு முன்னால் வரை மச்சான் பங்குனி தவறாமல் புளி அனுப்பினார். ஒவ்வொரு தரமும் வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்பார். "நல்லா இருக்குது" என்று காவேரி எழுதுவாள். அப்புறம் தபால் நின்றது. சண்டை ஓய்ந்து தபால் வந்தபோது முதலில் வந்த சேதி, அவர் போய்ச் சேர்ந்து வருஷமாகிறது என்பதுதான். காவேரி வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பொழுது சாய்ந்து நான் போய்க் கூப்பிட்ட பிறகுதான் இறங்கினாள்.

ஆகவே என்னிடம் கேட்கிறவர்களுக்கு மறுபடியும் சொல்கிறேன். மோட்டார் வேண்டுமானால் இருக்கிற இடத்தில் வாங்குங்கள். கப்பலில் வருவது மோட்டாராக வந்து சேராது.

இனி தரகர் கதை. விலை என்ன என்று அவர் இரண்டாம் தரமும் கேட்டார். சரசு ஈரத்துணியைக் கொடியில் போட்டுவிட்டு வந்தாள். வீட்டில் பாதி மலாயும் பாதி இங்கிலீஷும் பேசுகிறவள். கதவு வழியாகக் கையை விட்டு ஹாரனை ஒரு தரம் அமுக்கினாள். ரப்பர் வெடித்துப்போய்விட்டது, காற்றுச் சத்தம்தான் வந்தது.

"எங்கூர்ல மாமன விக்கிற வழக்கம் இல்லீங்க" என்றாள்.

தரகர் என்னைப் பார்த்தார். நான் சரசுவைப் பார்த்தேன். எங்கள் ஊரை அவள் ஒரு நாளும் கண்டதில்லை.